பாங் ஷூமின் கேட்டதும் எழுதியதும்

பாங் ஷூமின் என்ற பெயரைத் தொலைக்காட்சித் தொடர்களின் முடிவில் ஓடும் எழுத்துகளில் பலர் பார்த்திருப்பார்கள். ஆற்றங்கரைத் தபால் நிலையம் ஒன்றில் பதினாறு வருடம் வேலை பார்த்த பெண் அவள் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான்.

எங்கள் ஷாபா ஊரில் அப்போது வெளியூருக்கு டிரங்க் கால் பேச வேண்டுமென்றால் தபால் நிலையத்துக்குத்தான் வர வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் காத்திருக்க வேண்டும். உள்ளே இணைப்புப் பலகையின் முன்னால் நாங்கள் நான்கு பெண்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிளக்கை ஒரு துளையிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் சொருகி, வூஹானைப் பிடித்து, அதன் வழியாக வேறெங்கோ பிடித்து, கடைசியில் "மூணாம் நம்பர் அறைக்குப் போங்க" என்று கூவுவோம். பேச்சைக் கேட்கக் கூடாது. ஆனால் இரண்டு பக்கமும் குரல் வருகிறதா என்று பார்க்காமல் விலகவும் கூடாது. அதற்கு மூன்று நொடி ஆகும். லைன் மோசமாக இருந்தால் பத்து நொடி. எங்கள் லைன் எப்போதுமே மோசம்.

ஷூமின் எழுபத்திரண்டில் வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பா படகுக் கயிறு திரிக்கும் கூட்டுறவில் வேலை பார்த்தவர். படிப்பு நடுநிலைப் பள்ளியோடு நின்றுபோயிருந்தது. நான் என் நூடுல்ஸில் பாதியை முடிப்பதற்குள் தன்னுடையதை முடித்துவிட்டு என் கிண்ணத்தைப் பார்ப்பாள். அவளைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் என்னை லின் அக்கா என்பாள்.

இரண்டு வருடம் கழித்து, எங்கள் மேலாளர் குவாங் அவளுடைய மேஜை இழுப்பறையில் ஒரு குறிப்பேட்டைக் கண்டெடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு குறிப்பேடு ஒருவரைச் சிறை வரைக்கும் கொண்டுபோய் விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதில் பெயர்கள் இல்லை, ஊர்கள் இல்லை. மூன்று நொடியில் காதில் விழுந்த வாக்கியங்கள் மட்டும் இருந்தன. குவாங் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். ஷூமின் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மூன்றாம் நாள் அவர் அவளைக் கூப்பிட்டார்.

"இருபத்தாறாம் பக்கத்துல ஒருத்தி, பன்னியை வித்ததை அத்தைகிட்ட சொல்லிடாதீங்கன்னு சொல்றாளே. அப்புறம் அந்த அத்தைக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியாது ஐயா. அவ்வளவுதான் என் காதுல விழுந்துச்சு."

"ரெண்டு நாளா எனக்கு அதே நெனைப்பாப் போச்சும்மா. இதை வீட்டுல வை. இங்க கொண்டு வராதே."

அன்றைக்கு மேலே எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்து அவள் எழுதியதுதான் அவளுடைய முதல் கதை. அதை யாருக்கும் அனுப்பவில்லை. நான் மட்டும் படித்தேன். மாமியார் ரொம்ப நல்லவளாக இருக்கிறாள், நம்ப முடியவில்லை என்று சொன்னேன். கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

யான் சியூவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் அரசு அரிசிக் கடையில் வேலை பார்த்தவள். சதுர முகம், பெரிய கைகள், யாரோடும் அதிகம் பேச மாட்டாள். கல்யாணமான அடுத்த வருடமே அவள் கணவன் தியென் வடமேற்கில் ஓர் எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி அவள் தபால் நிலையத்துக்கு வந்து அந்த முகாமுக்கு டிரங்க் கால் போடுவாள். தியெனுக்கு ஓர் இருமல் உண்டு. வறட்டு இருமலாக இரண்டு, அப்புறம் நீளமாக ஒன்று. ஆறு வருடத்தில் அந்த இருமல் எங்கள் நால்வருக்கும் பழக்கமாகிவிட்டது.

எழுபத்தொன்பது மார்ச் பத்தாம் தேதி பலகையில் ஷூமின் இருந்தாள். முகாமைப் பிடித்து, ஷாபாவிலிருந்து தியெனுக்கு அழைப்பு என்றாள். யான் சியூவின் அறைக்கு இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை. மறுமுனையில் போனை எடுத்தவன் அதை மூடாமலே, "உன் ஊருலேருந்துதான்" என்று யாரிடமோ சொன்னான். இரண்டு வறட்டு இருமல், நீளமாக ஒன்று. "இல்லைன்னு சொல்லு" என்றது தியெனின் குரல். ஒரு பெண் மெதுவாகப் பேசுங்கள், பிள்ளை தூங்குகிறது என்றாள். அதன் பிறகு ஷூமின் இணைப்புக் கொடுத்தாள். தியென் வெளிவேலைக்குப் போயிருக்கிறான் என்று போனை எடுத்தவன் சொன்னதை யான் சியூ கேட்டுக்கொண்டாள். நன்றி சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

ஷூமின் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஓடிப் போய் யான் சியூவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டாள்.

"நமக்கு எதுக்குடி? சொருகறதோட நம்ம வேலை முடிஞ்சுது. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்" என்றேன்.

சொன்னவள் நான்தான். அதை மறைக்க மாட்டேன்.

ஒன்றரை வருடம் அதை மனத்தில் வைத்திருந்துவிட்டு ஷூமின் ஒரு குறுநாவலாக எழுதினாள். கதையில் ஷூமின் என்ற ஊழியை இல்லை, யான் சியூ அரிசிக் கடையில் இல்லை. அவளைத் துணிக் கடையில் உட்கார்த்தியிருந்தாள். இருமல் மட்டும் அப்படியே இருந்தது. கதையின் கடைசியில் அந்தப் பெண் ஒரு பத்தாம் தேதி தபால் நிலையம் வரை வந்து, வாசலில் நின்றுவிட்டு, காய்கறி வாங்கப் போய்விடுவாள். மாகாண இலக்கிய இதழ் ஒன்று அதை வெளியிட்டது. ஷாபாவுக்கு அந்த இதழின் மூன்று பிரதிகள் வந்தன. ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. யான் சியூ இதழ்கள் படிப்பவள் இல்லை.

வடக்கே ஒரு திரைப்பட நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. திரைக்கதையை அவளே எழுத வேண்டுமாம். குவாங் விடுப்புக் கொடுத்தார். ஷூமினுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவள் கணவர் சிமெண்ட் ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர், சாது. போய்விட்டு வா என்றார். நான்கு மாதம் அந்த நிலையத்தின் விருந்தினர் விடுதியில் இருந்தாள். தினமும் முட்டைக்கோஸ். அறை எண் எழுதிய கோப்பை, ஒரு வெந்நீர்க் குடுவை, ஜன்னலுக்கு வெளியே பனி. பக்கத்து அறைகளில் அவளைப் போலவே ஊர் ஊராக வந்து, திருத்தி எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

இயக்குநர் லாங் மரியாதையானவர். ஆனால் அந்த முடிவு அவருக்கு ஒத்துவரவில்லை.

"தோழர் பாங், ஜனங்க அழுதுக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். கசப்போட போகக் கூடாது. புருஷனைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க" என்றாராம்.

பதினொரு தடவை முடிவை மாற்றி எழுதினாள். கடைசியில் இரண்டு பேரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். கணவன் மனம் திருந்திப் படகில் வந்து இறங்குவான். அதற்குப் பதிலாக இருமல் காட்சியில் ஒரு சொல்லைக்கூட லாங் தொடமாட்டார். அந்தக் காட்சியை அவர் முதலில் வெட்டிவிடச் சொல்லியிருந்தார். ஷூமின்தான் பிடிவாதமாக நின்று காப்பாற்றினாள். ஊருக்குத் திரும்பியதும் அதைத்தான் பெருமையாகச் சொன்னாள்.

எண்பத்து மூன்று இலையுதிர் காலத்தில் படம் ஷாபாவுக்கு வந்தது. தொழிலாளர் மன்றக் கொட்டகையில் நான்கு நாள் ஓடியது. முதல் நாள் மாலைக் காட்சிக்கு நானும் ஷூமினும் போனோம். பெஞ்சு பெஞ்சாகக் கூட்டம். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் அரிசிக் கடைப் பெண்கள், நடுவில் யான் சியூ. திரையில் இரண்டு வறட்டு இருமலும் ஒரு நீள இருமலும் கேட்டபோது தியெனை ஊரில் இருந்தபோதே அறிந்த கடைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் பக்கம் திரும்பினார்கள். யான் சியூ அசையவில்லை. அவள் பின்னங்கழுத்து மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. ஷூமின் என் கையைப் பிடித்தாள். யான் சியூவும் இதைப் பார்ப்பாள் என்பது அந்த நொடி வரை அவளுக்கு உறைக்கவே இல்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். நான் நம்புகிறேன். எழுதும்போது அவளுக்குக் காகிதத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

மறுநாள் காலை தபால் நிலையம் திறந்ததும் யான் சியூ வந்தாள். டிரங்க் கால் சீட்டு வாங்கவில்லை. நேராகக் கண்ணாடிச் சன்னலுக்கு வந்து ஷூமினைக் கூப்பிட்டாள்.

"அந்த இருமல் நீயாக் கட்டினதா, இல்ல காதால கேட்டதா?"

"கேட்டதுதான் அக்கா."

"என்னிக்கு?"

"எழுபத்தொன்பது, மார்ச் பத்து."

பெஞ்சில் காத்திருந்தவர்கள் எழுந்து சன்னல் பக்கம் நகர்ந்தார்கள்.

"நாலரை வருஷம். மாசாமாசம் என் கையாலதானே அரிசி வாங்கிட்டுப் போன?"

"ஆமா."

"ஒரு தடவைகூட சொல்லத் தோணலையா?"

"தோணுச்சு. வெளிய சொல்லக் கூடாதுன்னு விதி."

"கொட்டகை முழுக்கச் சொல்லிட்டியே. அந்த விதி எனக்கு மட்டுந்தானா?"

அதற்கான பதில் என்னிடம் இருந்தது. நான்தான் சொல்ல வேண்டாமென்று தடுத்தேன் என்று எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். நான் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கடைசில அவனைப் படகுல வேற கொண்டாந்து எறக்கிட்ட. எங்க கடைப் பொண்ணுங்க, கவலைப்படாதே, வந்துருவான்னு எனக்கு ஆறுதல் சொல்லுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அழவில்லை. அன்று அரிசிக் கடை பத்து நிமிடம் தாமதமாகத் திறந்தது என்று மட்டும் கேள்விப்பட்டோம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஷூமின் எழுதவில்லை. இதழ்களிலிருந்து கடிதங்கள் வந்தன, பாராட்டுக் கூட்டத்துக்கு வூஹானுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அரிசி வாங்கக் கணவரை அனுப்பினாள்.

வசந்தம் பிறந்ததும் யான் சியூ மறுபடி வந்தாள். இந்தத் தடவை தபால் நிலையத்துக்கு வரவில்லை, ஷூமின் வீட்டுக்குப் போனாள். விவாகரத்துக் கேட்டு மனுப் போட்டிருந்தாள். தியென் மறுத்துக் கடிதம் எழுதியிருந்தான். மாதாமாதம் பணம் அனுப்புகிறேன், கடிதம் போடுகிறேன், எங்கள் உறவில் விரிசல் எதுவும் இல்லை என்று. அவன் அங்கே வேறு குடும்பம் வைத்திருப்பதற்கு ஷாபாவில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது.

"வந்து சொல்லணும். உன் வேலை போகும்னு தெரியும். இருந்தாலும் கேக்கறேன்" என்றாளாம்.

ஷூமின் வருகிறேன் என்றாள். மறுநாள் என்னிடம் சொன்னபோது, எனக்கு இரண்டாவது தடவையாக வாயை மூடச் சொல்லத் தோன்றியது. அவள் வயிற்றில் அப்போது நான்கு மாதம். சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

விசாரணை அறையில் அவள் எழுந்து நின்று தேதி, நேரம், முகாமின் பெயர், அந்த மூன்று குரல்கள், எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டதை வெளியே சொல்வது குற்றம் என்று தெரியுமா என்று அவளிடம் கேட்டார்கள். தெரியும், ஏற்கெனவே ஒரு தடவை செய்துவிட்டேன், இது இரண்டாவது என்றாள். விசாரித்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். எண்ணெய் வயலுக்குக் கடிதம் போய், பதில் வர ஏழு மாதம் ஆனது. பதில் வந்தபோது தியெனுக்கு மறுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. யான் சியூவுக்கு விடுதலை கிடைத்தது.

சாட்சி சொன்ன வாரமே ஷூமினைப் பலகையிலிருந்து எடுத்திருந்தார்கள். வேலையை விட்டே நீக்கியிருப்பார்கள். குவாங் மேலிடத்துக்கு மூன்று தடவை போய்ப் பேசினார். பார்சல் பிரிவில் போட்டார்கள். அங்கே பெட்டிகளைத் துணி சுற்றித் தைக்க வேண்டும். கோணி ஊசி, தடிமனான நூல், பசைச் சட்டி. வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து தைத்தாள். பார்சல் அனுப்ப வருபவர்கள் உள்ளே என்ன இருக்கிறது, யாருக்குப் போகிறது, அவர்கள் ஏன் அதற்குத் தகுதியில்லாதவர்கள் என்றெல்லாம் தாங்களாகவே சொல்வார்கள். "இங்க காதைத் திறந்து வெச்சிருந்தா யாரும் திட்டறதில்லை, லின் அக்கா" என்பாள். அந்த நான்கு வருடத்தில் இரண்டு நாவல்கள் எழுதினாள். இரண்டும் நன்றாகப் பேசப்பட்டன. எண்பத்தெட்டில் வூஹானில் தொலைக்காட்சி நாடகப் பிரிவில் வேலை கொடுத்தார்கள். கணவர், மகளோடு கிளம்பிப் போனாள்.

பிறகு பதினைந்து வருடம் அவள் தொடர்களாக எழுதித் தள்ளினாள். விடுதி அறையில் மூன்று நான்கு எழுத்தாளர்களைப் போட்டுப் பூட்டிவிடுவார்களாம். வாரத்துக்கு நான்கு அத்தியாயம். சுற்றிலும் சிகரெட் புகை. நடுவில் நடிகை ஒருத்திக்கு வேறு படம் கிடைத்துவிட்டால் கதையில் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஷூமின் எனக்கு போன் பண்ணி வசனத்தைப் படித்துக் காட்டுவாள். இப்படி யாராவது பேசுவார்களா என்று கேட்பாள். அழுகிறவர்கள் இவ்வளவு முழுசாகப் பேச மாட்டார்கள் என்பேன். வெட்டுவாள். மகளின் பள்ளிக் கூட்டங்களுக்குக் கணவர்தான் போனார். மகள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள். சம்பாத்தியம் பெருகியது, வீடு வாங்கினாள். ஆனால் நாவல் எழுதவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் கோபப்படுவாள்.

யான் சியூ இதற்குள் பெங் என்ற படகு இன்ஜின் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். பெங் எட்டு வருடமாக அவள் கடையில் மட்டுமே அரிசி வாங்கியவர். கல்யாணத் தாளில் தியெனின் பெயர் இருந்தவரை அவர் எடையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

இரண்டாயிரத்து நான்கில் ஒரு தயாரிப்பாளர் அந்தப் பழைய படத்தை முப்பது அத்தியாயத் தொடராக எடுக்க ஆசைப்பட்டார். ஷூமின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். அதன் பிறகு தூக்கம் வரவில்லை. பஸ் ஏறி ஷாபாவுக்கு வந்தாள். என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு யான் சியூவின் வீட்டுக்குப் போனாள். இருபது வருடம் அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பெங் கதவைத் திறந்தார். யான் சியூ தாமரைத் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். ஷூமின் விஷயத்தைச் சொல்லி, வேண்டாமென்றால் எழுத மாட்டேன் என்றாள். யான் சியூ கத்தியை வைக்கவில்லை.

"நான் ஒண்ணும் சன்னல்கிட்ட நின்னு அழுதுக்கிட்டு இல்லை. அரிசி எடை போட்டுக்கிட்டு இருந்தேன். அந்தப் படத்துல வர்ற பொம்பளைக்கு வேலையே இல்லியா?"

"அப்ப என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க அக்கா."

"இப்பக் கேக்கறியா?" என்றாள் யான் சியூ. கொஞ்ச நேரம் நறுக்கினாள். "சரி, சாப்பிட்டுட்டு உக்காரு."

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். அன்றைக்குச் சொல்ல வேண்டாமென்று தடுத்தவள் நான்தான் என்றேன். யான் சியூ என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"தெரியும். இவ அன்னிக்கே, சாட்சி சொல்ல வர்றேன்னு ஒத்துக்கிட்டப்பவே, சொல்லிட்டா" என்றாள். ஷூமின் தரையைப் பார்த்தாள். இருபது வருடம் அதை அவள் என்னிடம் சொல்லவில்லை.

மூன்று நாள் யான் சியூ பேசினாள். ஷூமின் எதிரில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டாள். வூஹானுக்குப் போய் முப்பது அத்தியாயத்துக்கும் சுருக்கம் எழுதினாள். தியென் திரும்பி வரவில்லை. அந்தப் பெண் ஒரு மெக்கானிக்கை மணந்துகொள்கிறாள், அவரோடு தினமும் சண்டை போடுகிறாள். தயாரிப்பாளர் படகு எங்கே என்று கேட்டார். படகை நம்பித்தான் விளம்பரதாரர்கள் வந்திருக்கிறார்கள் என்றார். ஷூமின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகினாள். தொடர் அவளில்லாமல் வந்தது, படகும் வந்தது. ஊரே பார்த்தது, நானும் பார்த்தேன்.

அவள் வேலையை விட்டு, மூன்று வருடம் உட்கார்ந்து அதை நாவலாக எழுதினாள். நாலாயிரம் பிரதி அச்சடித்தார்கள். முதல் பிரதி யான் சியூவுக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து அது பென்சில் திருத்தங்களோடு திரும்பி வந்தது. முப்பத்தேழு இடங்கள். அரிசியைப் படியால் அளந்து போட்டதாக எழுதியிருக்கிறாய், நாங்கள் தகரக் குழாய் வழியாகத்தான் கொட்டுவோம், பையைக் கீழே பிடிக்க வேண்டும். அந்த வருடம் வெள்ளம் ஜூலையில் வந்தது, ஆகஸ்டில் இல்லை. என் மாமியார் அப்படிப்பட்டவள் இல்லை, அதைவிட மோசம். ஷூமின் முப்பத்தைந்தை ஏற்றுக்கொண்டாள். இரண்டுக்காகத் தொலைபேசியில் ஒரு மாதம் சண்டை போட்டார்கள். அதில் யார் ஜெயித்தது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது.

மனக்குறை பெங்குக்குத்தான். நானூறு பக்கப் புத்தகத்தில் தனக்குப் பதினொரு பக்கம்தானா என்று என்னிடமே கேட்டார். இப்போது ஷூமின் மாதம் இரண்டு தடவை பஸ் ஏறி வந்து, படகுத்துறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டீசல் இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் ஒரு பல்சக்கரத்தைப் பற்றி முழுச் சாயங்காலமும் பேசுவார். இருட்டியதும் யான் சியூ வந்து, சோறு ஆறுகிறது என்று இரண்டு பேரையும் திட்டிக் கூட்டிக்கொண்டு போகிறாள்.